ஒரே மூச்சில் வாசித்த பாட்டு

தக்சாயினி பதினான்கு மாதங்களாக நாகேஸ்வரி அக்காவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நாகேஸ்வரி அக்காவுக்கு மட்டும் அது தெரியாது.

சண்டை முழுவதும் தக்சாயினியின் தலைக்குள்தான் நடந்தது. விடிய எழும்பி முற்றம் கூட்டும்போது தொடங்கும். தையல் மெஷினை மிதிக்கும்போது சூடு பிடிக்கும். மத்தியானம் கறிக்கு வெங்காயம் உரிக்கும்போது உச்சத்துக்கு ஏறும். இவள் ஒன்று கேட்க, நாகேஸ்வரி ஒரு பதில் சொல்ல, அந்தப் பதிலை இவள் இரண்டாகக் கிழித்துப் போட, வழக்கு நீண்டுகொண்டே போகும். சில நாட்களில் நாகேஸ்வரியின் பக்கம் சோர்ந்துவிடும். சண்டை சப்பென்று முடிந்துவிடுமே என்று தக்சாயினியே அவளுக்கு நல்ல பதிலொன்றை யோசித்துக் கொடுப்பாள். பிறகு அதை உடைக்க இன்னும் நல்லதொன்றைத் தேடுவாள். எல்லா நாளும் வென்றது தக்சாயினிதான். ஆனாலும் அடுத்த நாள் விடிந்தால் வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

"இஞ்சேரும், வாய் அசையுது. ஆரோடை கதைக்கிறீர்?" என்று கேட்டான் அவளுடைய கணவன் சுபாஸ்கரன். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுக் காலில் சேறோடு வந்து நின்றான்.

"ஒருத்தரோடையும் இல்லை. சட்டைக்கு அளவு பாக்கிறன்."

"அளவு பாக்கிறதுக்கு ஏன் பல்லைக் கடிக்கிறீர்?"

தக்சாயினி நூலை வாயால் கடித்து அறுத்தாள். அதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டு அவன் கிணற்றடிக்குப் போனான்.

இத்தனைக்கும் நாகேஸ்வரி சொன்னது ஒரே ஒரு வசனம்.

தக்சாயினியின் தாய் இரத்தினம்மா பாரிசவாதத்தில் விழுந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தாள். புரட்டி விடுவது, துடைப்பது, கஞ்சியைக் கரண்டியால் பருக்குவது எல்லாம் தக்சாயினிதான். ஓர் ஆவணிச் சனிக்கிழமை, காலை பத்து மணிபோல, தாய்க்குக் கட்டிவிடும் பம்பர்ஸ் முடிந்துவிட்டதென்று உரும்பிராய்ச் சந்தி மருந்துக்கடைக்கு அவள் சைக்கிளில் போனாள். திரும்பி வந்தபோது இரத்தினம்மா போய்விட்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஊர்ப் பெண்கள் கூடிப் பின்விறாந்தையில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த தக்சாயினிக்குக் கதவுக்குப் பின்னால் நாகேஸ்வரியின் குரல் கேட்டது.

"மூண்டு வருசம் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்தவள். கடைசியிலை ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கிடைக்கேல்லைப் பார்."

மற்றப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பேச்சு பூசணிக்காயின் விலைக்குப் போய்விட்டது. தக்சாயினி தண்ணீர்க் குடத்தோடு அங்கேயே நின்றாள். அன்று தொடங்கிய வழக்கு இன்றுவரை முடியவில்லை.

நாகேஸ்வரி வேறு யாராவதாக இருந்திருந்தால் ஒழுங்கை மாறி நடந்து தப்பியிருக்கலாம். ஆனால் இருவரும் ஒன்பது வருடமாக நாவலடி முருகன் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து புராணம் படிப்பவர்கள். கந்தசஷ்டி விரதத்தின் ஆறு நாளும் அங்கே படிப்பு நடக்கும். தக்சாயினி வாசிப்பாள், நாகேஸ்வரி பயன் சொல்வாள்.

இந்த இரண்டு வேலையும் ஒன்றை விட்டு ஒன்று நிற்காது. வாசிப்பவர் பாட்டை முதலில் இராகத்தோடு முழுவதும் பாட வேண்டும். பழைய பாட்டு, சொல்லோடு சொல் பின்னித் தேங்காய்ப் பொச்சுக்கயிறு மாதிரி முறுகிக் கிடக்கும். பாடி முடித்ததும் அந்த முறுக்கை அவிழ்த்து, பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, பயன் சொல்பவரின் கையில் எடுத்துக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக மறுபடி வாசிக்க வேண்டும். ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு நிறுத்தினால், பயன் சொல்பவர் அதை வாங்கி நாலுபேருக்கு விளங்கும் பேச்சாக்கி விரிப்பார். பிறகு அடுத்த துண்டு. ஊரார் புகழ்வது பயன் சொல்பவரைத்தான். பிரித்துக் கொடுத்தவரை யாரும் நினைப்பதில்லை. தக்சாயினிக்கு அதில் ஒரு நாளும் குறை இருந்ததில்லை. அவளுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்கலாம் என்பதுதான் அவளுக்குப் பிடித்ததே.

நாகேஸ்வரி நேர்மாறு. முப்பது வருடம் தபால் கந்தோரில் முத்திரை விற்றவள். கந்தோருக்கு வந்தவர்களின் கடிதத்தை விலாசத்தை வைத்தே வாசித்துவிடுவாள் என்று ஊரில் சொல்வார்கள். புராணத்தில் வருகிற அசுரனுக்குக்கூட அக்கம்பக்கத்து வேலிகளுக்குள்ளிருந்து உதாரணம் எடுத்துச் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

போன வருடம் தாயின் ஆண்டுத் திவசம் முடியவில்லையென்று தக்சாயினி கோயிலுக்குப் படிக்கப் போகவில்லை. இந்த வருடம் சாட்டு இல்லை. கோயில் முகாமையாளர் ஏரம்பர் வீட்டுப் படலையில் வந்து நின்றே கேட்டார்.

"பிள்ளை, போன வருசம் நீ இல்லாமல் படிப்பு உப்பில்லாக் கஞ்சி. நாகேசும் தட்டுத்தடுமாறிச் சமாளிச்சவள். இந்த முறை சபையிலை வேறை கதை ஓடுது. ஜெயசுதன் தம்பி நல்லூரிலை இருந்து ஒரு பண்டிதரைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். பொம்பிளை பயன் சொல்லுறதை விட அது எடுப்பாய் இருக்குமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இந்த வருசமும் இவையே படிக்கட்டும், எங்கையும் தடுமாறிப் பிழைச்சால் பண்டிதரைப் பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். வாறாய்தானே?"

"வாறன்," என்றாள் தக்சாயினி. 'பிழைச்சால்' என்ற சொல் அவள் காதில் ஒரு விதை மாதிரி விழுந்தது.

முதல் நாள் ஐப்பசி மழை பிடித்துப் பெய்தது. மண்டபத்தில் ஈரப் பாயில் இருவரும் இருந்தார்கள். நடுவில் பட்டு விரித்த பலகை, அதன்மேல் தக்சாயினி கொண்டுவந்த புத்தகம், அதற்குப் பக்கத்தில் ஒலிவாங்கி. இங்கே வாசிப்பது நாவல் மரத்தில் கட்டிய குழாய் வழியாக ஊர் எல்லைவரை கேட்கும். ஒலிபெருக்கிப் பெட்டியை ஜெயசுதன் பார்த்துக்கொண்டான்.

"மெலிஞ்சு போனாய் தக்சா," என்று மெல்லச் சொல்லிவிட்டு, நாகேஸ்வரி தன் சேலைத்தலைப்பால் புத்தகத்தில் விழுந்த மழைத்துளியைத் துடைத்தாள். "நான் குடுத்துவிட்ட ஒடியல் மா கிடைச்சதோ?"

"ஓம்."

கிடைத்ததுதான். அதையும் வழக்கில் ஒரு சாட்சியாக வைத்துப் பத்து நாள் வாதாடியிருக்கிறாள்.

வாசிக்கத் தொடங்கியதும் ஒரு புதினம் நடந்தது. தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. பாட்டுக்கு மூச்சு வேண்டும். எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, எந்த இடத்தில் குரலை இறக்குவது என்று பார்க்கிறவளுக்கு வேறொன்றுக்கும் இடமில்லை. பதினான்கு மாதத்தில் முதன்முறையாக மனம் கழுவிக் கவிழ்த்த சட்டிபோல வெறுமையாக இருந்தது. ஒரு துண்டை வாசித்து நிறுத்தினாள்.

நாகேஸ்வரி பயன் சொல்லத் தொடங்கினாள். அந்த இடைவெளியில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. முதலில் வந்தது குரல்கூட இல்லை, பூசணிக்காய் வெட்டுகிற சத்தம். கடைசிச் சொட்டு. காய்ந்த உதடு.

இரண்டாம் நாள் அதை அவள் கவனித்தே பார்த்தாள். தன் முறை வந்தால் அமைதி, அக்காவின் முறை வந்தால் அமளி. ஒன்பது வருடத்தில் நாகேஸ்வரி சொன்ன பயனை அவள் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அடுத்த பாட்டைக் கண்ணால் மேய்ந்து வைப்பாள். இப்போது அதுவும் இல்லை, சண்டைதான்.

மூன்றாம் நாள் தேவர்படையின் வீரர்களைப் பற்றி நாகேஸ்வரி விரித்துக்கொண்டிருந்தாள்.

"சேவை எண்டால் அப்பிடி. பாதியிலை விட்டிட்டுப் போறதில்லை. கடைசி வரைக்கும் பக்கத்திலை நிக்க வேணும்."

கூட்டம் தலையாட்டியது. நாகேஸ்வரி யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எதிர்த் தூணில் ஓடிய பல்லியைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் தக்சாயினிக்கு அது மார்பில் வந்து குத்தியது. 'கடைசி வரைக்கும்.' ஊரே கேட்க, குழாயிலே. இவ்வளவு பேருக்கு முன்னால்.

அன்று பின்னேரம் வீட்டில் தன் புத்தகத்தை எடுத்து ஆறாம் நாளுக்கு உரிய பகுதியைப் புரட்டினாள். சூரன் வடிவத்துக்கு மேல் வடிவமெடுத்துப் பொருதுகிற இடம். அதில் ஒரு பாட்டு இருந்தது. கல்லு முடிச்சு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று முதல் பார்வையில் யாருக்கும் பிடிபடாது. அதைப் பிரிக்காமல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். பிழை வாசித்ததாக யாரும் சொல்ல முடியாது. தடுமாறுவது நாகேஸ்வரி மட்டும்தான். சூரன்போர் பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால், ஜெயசுதன் பார்த்துக்கொண்டிருக்க. அடுத்த வருடம் அந்தப் பாயில் நல்லூர்ப் பண்டிதர் இருப்பார்.

தையல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தாள். புத்தகத்தை மூடிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போனாள்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் மிக அழகாகப் பிரித்துக் கொடுத்தாள். "இண்டைக்கு வெண்ணெய் மாதிரி வருகுது," என்று நாகேஸ்வரி அவள் தொடையில் தட்டினாள். வெறும் வயிற்றுக்குப் பாலும் பழமும் மட்டும் போகிற விரத நாட்களில் நினைப்புக்குக் கூர் அதிகம். தலைக்குள் வழக்கு முடிந்து தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நிறைவேற்ற வேண்டியதுதான் மிச்சம்.

ஆறாம் நாள் காலை மண்டபம் கொள்ளாத கூட்டம். பின்னேரம் சூரன்போர் என்பதால் மானிப்பாய்ப் பக்கமிருந்தும் சொந்தக்காரர் வந்திருந்தார்கள். வீதியில் சூரனின் பெரிய மரத்தலைகளுக்கு வர்ணம் பூசுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தக்சாயினி மூலஸ்தானப் பக்கம் திரும்பாமல் வந்து பாயில் இருந்தாள். முருகனைப் பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம்.

சிவப்பு நூல் வைத்த இடம் வந்தது.

மூச்சை இழுத்தாள். முழுப்பாட்டையும் இராகத்தோடு பாடினாள். பிறகு, பிரிக்க வேண்டிய இடத்தில், அதே பாட்டை இராகம் இல்லாமல் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில், நிறுத்தாமல், நூலை இழுப்பதுபோல இழுத்து வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

நாகேஸ்வரி "ஓம்..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

குழாயில் ஈரக்காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு குழந்தை இருமியது. நாகேஸ்வரி குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள், கண்ணாடியை மேலே தள்ளினாள், மறுபடி பார்த்தாள்.

"இன்னொருக்கால் வாசி பிள்ளை."

தக்சாயினி வாசித்தாள். அதே ஒரே மூச்சில்.

கூட்டம் அசையத் தொடங்கியது. ஏரம்பர் தொண்டையைச் செருமினார். பெட்டிக்குப் பக்கத்தில் ஜெயசுதன் நிமிர்ந்து இருந்தான். நாகேஸ்வரியின் மேலுதட்டில் வியர்வை பொட்டுப்பொட்டாக நின்றது. முப்பது வருடம் வரிசையில் நின்ற சனத்தைச் சமாளித்தவள், வார்த்தை கிடைக்காமல் சேலைத்தலைப்பைத் திருகினாள். தக்சாயினி இதைத்தான் மூன்று நாளாக மனத்தில் ஓட்டி ஓட்டிப் பார்த்திருந்தாள். மனத்தில் பார்த்தபோது இனித்தது. இப்போது நேரில் பார்க்க, அடுப்பில் கை வைத்ததுபோல இருந்தது.

நாகேஸ்வரி ஒலிவாங்கியைக் கையால் பொத்தவில்லை. நேரே அதற்குள் பேசினாள்.

"சபைக்கு வணக்கம். இந்தப் பாட்டுக்கு எனக்குப் பயன் தெரியேல்லை. மறைச்சு என்ன, எனக்குத் தனிய ஒரு பாட்டுக்கும் தெரியாது. போன வருசம் நான் பட்ட பாடு நீங்கள் பாத்தனீங்கள்தானே. இந்தப் பிள்ளை பிரிச்சுத் தந்துதான் ஒன்பது வருசமாய் நான் கெட்டிக்காரி மாதிரிக் கதைச்சனான். இண்டைக்கு அவளுக்கு என்னவோ உடம்பு சரியில்லைப் போலை. ஆறு நாள் விரதம். கொஞ்சம் பொறுங்கோ."

சொல்லிவிட்டுத் தன் சொம்பிலிருந்த துளசித் தண்ணீரை எடுத்துத் தக்சாயினியின் பக்கம் நகர்த்தினாள்.

தக்சாயினி சொம்பைப் பார்த்தாள். பதினான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் தலைக்குள் தவறாமல் வந்து எதிரில் நின்று வாதாடிய நாகேஸ்வரியைத் தேடினாள். அந்த இடத்தில் யாரும் இல்லை. ஆனால் அந்த வசனம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கிடைக்கேல்லை, ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கிடைக்கேல்லை. கூர்ந்து கேட்டாள். குரல் நாகேஸ்வரியுடையது இல்லை. அவளுடைய குரலேதான். அக்கா சொன்னது ஒரே ஒரு தரம். மிச்சம் ஆயிரம் தரமும் சொன்னது இவள்.

தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். புத்தகத்தின் பக்கம் குனிந்தாள். முதல் துண்டைப் பிரித்து, சின்னப் பிள்ளைக்குச் சோறு கவளமாக்கிக் கொடுப்பதுபோல, மெல்ல வாசித்து நிறுத்தினாள்.

நாகேஸ்வரியின் முகம் தெளிந்தது. "ஓம்! அப்பிடிச் சொல்லு!" என்றாள் ஒலிவாங்கியிலேயே. கூட்டம் சிரித்தது.

"சூரன் இப்ப பெரிய பறவையாய் வந்திட்டான். சிறகடிச்சால் சமுத்திரம் கலங்குது. வெட்டு வாங்கிறான். செத்தானோ? இல்லை."

தக்சாயினி அடுத்த துண்டைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுத்த பாட்டை மேயவில்லை. கேட்டாள்.

"கடலாய் வாறான். இருட்டாய் வாறான். பிள்ளையள், ஒண்டைக் கவனியுங்கோ. ஆள் ஒருத்தன்தான், உடுப்புத்தான் மாறுது. எங்கடை நெஞ்சுக்குள்ளை வாறதும் உப்பிடித்தானே? காலமை கோபமாய் வரும். மத்தியானம் கவலையாய் வரும். பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரியின்ரை முகத்தோடை வரும். நாங்கள் பக்கத்து வீட்டுக்காரியை வெட்டப் போவம். அவளை வெட்டி என்ன பலன்? ஆள் அவள் இல்லையே."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. தக்சாயினிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக இதையெல்லாம் தன் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், ஒரு நாளும் தான் உண்ணவில்லை.

படிப்பு மாமரமாய் நின்ற சூரன் பிளவுபடுகிற இடத்துக்கு வந்தது. நாகேஸ்வரி குரலை இறக்கினாள்.

"கடைசியிலை பாருங்கோ, முருகன் அவனை இல்லாமல் ஆக்கேல்லை. ஒரு பாதியை மயிலாக்கி ஏறி இருந்தார். மற்றப் பாதியைச் சேவலாக்கிக் கொடியிலை வைச்சார். சேவல் எண்டால் கத்தும். கத்தட்டும். எங்கை இருந்து கத்திறது எண்டதை அவர்தான் சொன்னார்."

படிப்பு முடிந்து புத்தகத்தைப் பட்டில் சுற்றும்போது ஏரம்பர் வந்தார். "இரண்டு தரம் வாசிச்சது நல்லாய்த்தான் இருந்தது. எனக்கே முதல்தரம் ஒரு கோதாரியும் விளங்கேல்லை," என்றார். ஜெயசுதன் வயரைச் சுற்றிக்கொண்டே, "அக்கா, அந்தச் சேவல் கதையை ஒருக்கால் போனுக்குச் சொல்லித் தாறீங்களோ? குறூப்பிலை போடுவம்," என்று நாகேஸ்வரியைக் கேட்டான். பண்டிதரின் பேச்சு அன்று எழவில்லை.

பின்னேரம் சூரன்போர் முடிந்து சனம் கலைந்தபின், அடுத்த நாள் விரதம் முடிக்கிற பாறணைச் சமையலுக்கு மடத்தில் காய் வெட்டினார்கள். பூசணிக்காய்தான். நாகேஸ்வரிக்கு முன்னால் தக்சாயினி கத்தியோடு இருந்தாள்.

"அக்கா, நான் வேணுமெண்டுதான் பிரிக்காமல் வாசிச்சனான்."

நாகேஸ்வரி வெட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமோ?"

"ஒன்பது வருசம் பக்கத்திலை இருக்கிறன். உடம்பு சரியில்லாதவள் இரண்டு தரம் ஒரே மாதிரி வாசிப்பாளோ? ஏனெண்டுதான் தெரியேல்லை."

தக்சாயினி சொன்னாள். அந்தியேட்டி நாள், கதவு, குடம், அந்த வசனம். நாகேஸ்வரியின் கத்தி நின்றது.

"நான் அப்பிடிச் சொன்னனானோ? சொல்லியிருப்பன். என்ரை வாய் முத்திரை குத்திற மாதிரி, பாக்காமல் குத்திப்போடும். உனக்குப் பாவப்பட்டுத்தான் சொல்லியிருப்பன். எண்டாலும் பிழை. பிழையடி தக்சா." விரல் விட்டு எண்ணினாள். "அப்ப பதினாலு மாதமோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஞாயிற்றுக்கிழமையும்."

"எடியே, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! நானும் வந்து சண்டை பிடிச்சிருப்பன். தனியக் கிடந்து இரண்டு பேற்றை வேலையையும் நீயே செய்திருக்கிறாய். நான் ஏதும் நல்ல பதிலாய்ச் சொன்னனானோ?"

"திறமான பதில்தான். நான்தான் யோசிச்சுத் தந்தனான்."

நாகேஸ்வரி சிரிக்க, தக்சாயினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்குகிற இடத்தில், ஒருவருக்கும் சொல்லாததை அவள் சொல்லத் தொடங்கினாள்.

"அண்டைக்கு நான் மருந்துக்கடைக்கு மட்டும் போகேல்லை அக்கா. பக்கத்துத் துணிக்கடையிலை புதுச்சட்டைத்துணி தொங்கினது. மழையும் தூறத் தொடங்கினது. உள்ளை போய்த் துணியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனான். பதினைஞ்சு நிமிசம். இவருக்கும் சொல்லேல்லை."

நாகேஸ்வரி பூசணி விதைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"என்ன நிறம்?"

"எது?"

"துணி."

"மாம்பழ மஞ்சள். கரையிலை பச்சை."

"எடுத்தனியோ?"

"இல்லை."

"எடுத்திருக்கலாம்," என்றாள் நாகேஸ்வரி. "மூண்டு வருசம் நீ ஒரு நல்ல துணி உடுத்தி நான் காணேல்லை."

தக்சாயினி அப்போதுதான் அழுதாள். நாகேஸ்வரி வெட்டிய துண்டுகளைச் சட்டிக்குள் போட்டபடி, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது. பாறணை முடிந்து நாலாம் நாள், காலை மெஷினில் இருந்தபோது அது மறுபடி வந்தது. பழைய வேகத்திலேயே வந்தது. கடையில் நின்றதால் தண்ணி குடுக்காமல் அம்மாவை விட்டிட்டாய் என்று ஒரே மூச்சில், பிரிக்காமல், நெஞ்சில் வந்து இறங்கியது. தக்சாயினியின் கால் மிதியில் நின்றது. வழக்கம்போல எதிராளியைத் தேடி வாயெடுத்தவள், பிறகு தனக்குள்ளேயே சொன்னாள்: பொறு. இப்பிடி வாசித்தால் யாருக்கும் விளங்காது. பிரி.

மெல்லப் பிரித்தாள். மழை தூறியது. அது உண்மை. கடையில் நின்றேன். அதுவும் உண்மை. பதினைந்து நிமிடம். உண்மை. அம்மா போய்விட்டா. உண்மை. நாலு துண்டும் நாலாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் பாரம்தான், ஆனால் ஒவ்வொன்றாகத் தூக்கலாம்போல இருந்தது. நாலையும் சேர்த்து முறுக்கிக் கல்லு முடிச்சாக்கியது யாரென்று பார்த்தாள். முறுக்கின கை தன்னுடையதுதான். பிறகு, விட்டுப்போன துண்டு ஒன்றும் கிடந்தது. மூன்று வருடம், ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு, கரண்டி கரண்டியாய். இவ்வளவு நாளும் அதை அவள் வாசிக்காமலே தாண்டியிருந்தாள்.

"இஞ்சேரும், திரும்பவும் வாய் அசையுது," என்றான் வாசலில் நின்ற சுபாஸ்கரன். "ஆரோடை?"

"பயன் சொல்லுறன்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்ப முடிஞ்சாப்போலை என்ரை வெங்காயத்துக்கும் ஒருக்கால் வந்து சொல்லும். மழைக்கு நுனி அழுகுது, எந்தச் சொல்லும் கேக்குதில்லை."

அன்று பத்து மணிபோல அவள் சைக்கிளை எடுத்தாள். பதினான்கு மாதமாகச் சந்திக்குப் போக வேண்டி வந்தால் கோப்பாய்ப் பக்கத்தால் சுற்றிப் போவாள், அந்தத் துணிக்கடையைக் காணாமலிருக்க. இன்று நேரே போனாள். கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தும்போது 'ஒரு சொட்டுத் தண்ணி' மறுபடி தொடங்கியது. சேவல் கத்தத் தொடங்கிவிட்டது என்று நினைத்தாள். கத்தட்டும்.

"வாங்கோ அக்கா, கனகாலமாய்க் காணேல்லை," என்றாள் கடைப்பிள்ளை. "அவசரமோ?"

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. தக்சாயினி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"இல்லை பிள்ளை. மஞ்சள் நிறத்திலை இருக்கிறதெல்லாம் எடுத்துப் போடும். ஆறுதலாய்ப் பாப்பம்."